லோடு

மரச்சீனி மூடை பத்து, அதற்கு மேல்
நீண்டகரைக் கருவாடு நாலு கூடை,
எல்லாவற்றுக்கும் அடியில்
பீநாறி.

அப்படித்தான் அடுக்கச் சொன்னார் உலகன்னான் முதலாளி.
வேரும் தண்டும், சில்லுச் சில்லாக,
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மலையிலிருந்து இறக்கியது.
தூத்துக்குடியில் கப்பல் ஏறும்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்கிற டிரைவருக்கு
அடுத்த லோடு கிடையாது.

ஆரியங்காவு செக்போஸ்டில் கம்பு விழும்.
டார்ச்சை டயருக்கு அடித்து, தார்ப்பாய்க்கு அடித்து
கார்டு மூக்கைச் சுளிப்பார்:
"எந்தாடோ ஒரு நாற்றம்?"
"கருவாடு சாரே."
கிளி சிவலிங்கு ஒரு கூடையைத் திறந்து காட்டுவான்
அவசரமாக, அன்பாக.
கம்பு எழும்.
கோட்டைவாசல் இறக்கத்தில், இரண்டாம் கியரில்
சிரித்துக்கொண்டே இறக்குவோம்
ஒரு மலையின் வேரை.

அது பதினாறு வருஷம் முந்தி.

இப்போது திருவனந்தபுரம். ஆறாம் நம்பர் நாற்காலி.
புலமாடன் என்ற பேரைப்
பூலமாடன் என்று நீட்டுகிற ரெஜினி சிஸ்டர்
ஊசி ஏற்றுகிறாள்.
மருந்துப் பைக்குக் கறுப்பு உறை.
வெளிச்சம் படக்கூடாதாம்.
தார்ப்பாய், என்றேன்.
என்னது, என்றாள்.
ஒன்றுமில்லை.

பெருங்குடலில் கட்டி. வெட்டியது போக
மிச்சத்துக்கு இது.
மூன்றாம் தடவை வந்தபோதுதான் சின்ன டாக்டர்
பேச்சுவாக்கில் சொன்னார்:
சீனாவில் ஒரு மரம், அவர்கள் நாட்டு வைத்தியத்தில் உண்டு,
அந்தப் பேருக்கு மகிழ்ச்சி மரம் என்று அர்த்தமாம்.
அதே சத்து நம்ம மலையிலும் ஒரு மரத்தில் இருக்கிறது,
இங்கே பேர்தான் கொஞ்சம்...
கூச்சப்பட்டு நிறுத்தினார்.
அந்தப் பேரை நான் சொன்னேன்.
வார்டே திரும்பிப் பார்த்தது.

அடுத்த நாற்காலியில் குழித்துறைத் தமிழ் வாத்தியார்,
அவருக்கும் இதே குழாய், இதே கறுப்பு.
"நாற்றம்னா அந்தக் காலத்தில் பூவாசம்தான் அண்ணாச்சி,
நாமதான் கெடுத்தோம்" என்றார்.
பிறகு வாந்தி எடுத்தார்.

கோமு கணக்குப் போடுகிறாள், பில்லின் முதுகில்.
நானும் போடுகிறேன், வேறு கணக்கு.
ஒரு பைக்கு எத்தனை கிலோ?
நான் ஓட்டிய நாற்பது, ஐம்பது லோடில்
எத்தனை பேர் குடல்?
எந்த ஊரில் எவர் பிழைத்தெழுந்து
இந்நேரம் காபி ஆற்றுகிறார்?
கூட்டினால் நான் நல்லவனாக வருகிறேன்.
அந்தச் சரிவில் ஒரு கன்றுகூட மிச்சமில்லை
என்கிறான் சிவலிங்கு.
அதைக் கழித்தால்
வரவில்லை.

மருந்து இறங்கும்போதே கண்ணில் நீர், வாயில் எச்சில்.
வயிறு பிறகு.
இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை, எண்ணி எண்ணி.
மரத்துக்குப் பேர் வைத்தவன்
இதையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருப்பான்.

தென்காசி பஸ். குளத்துப்புழை தாண்டியதும் ஆரம்பித்தது.
ஆரியங்காவில் நிறுத்துங்க என்று
கண்டக்டர் காதில் கோமு ரகசியம் சொன்னாள்
பஸ் முழுக்கக் கேட்கும்படி.

செக்போஸ்ட்டுப் பின்னால் ஒரே கக்கூஸ். சாவி
கார்டு இடுப்பில். புதுப் பையன், மீசை இன்னும் கறுக்கவில்லை.
"பேகில் எந்தாணு?"
துண்டு, ஃபைல், மாத்திரை.
டார்ச்சை என் சட்டைக்கு அடித்தான்,
பிளாஸ்திரி ஒட்டிய நெஞ்சுக்கு நேராக.
"வேறொன்னும் இல்லல்லோ?"
"உண்டு சாரே" என்றேன்.
அதற்குள் அடுத்த லாரியிடம் போய்விட்டான்,
சாவியை என் கையில் போட்டு,
வெள்ளமில்லை, பக்கெட் எடுத்தோ என்று.

தகரக் கதவுக்கு உள்ளே குந்தியிருக்கிறேன்.
வெளியே கம்பு எழுகிற சத்தம்.
லாரி இரண்டாம் கியருக்கு மாறி
இறக்கத்தில் முனகுகிறது.
எழுந்து பார்க்க வேண்டியதில்லை.
ஓவர்லோடு.